சேகோ ஆபீஸில் ஏஐ: இரண்டு சீசன் பார்த்த பிறகு

சேலம் பக்கம் ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலையின் ஆபீஸ் வேலையைப் பார்க்கிறேன். மரவள்ளிக் கிழங்குக் கணக்கு, லாரி வாடகை, வெளிமாநில வியாபாரிகளுக்குக் கடிதம் எல்லாம் எங்கள் நாலு பேர் தலையில்தான். சாட்பாட் ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டி இரண்டு சீசன் ஆகிவிட்டது. பக்கத்து ஆலைக்காரர்கள் "எப்படி இருக்குங்க, நாங்களும் போடலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

எங்கள் சரக்கு அதிகம் போவது மகாராஷ்டிரா, குஜராத் பக்கம். விரத நாள் வந்தால் அங்கே சாபுதானாவுக்கு (ஜவ்வரிசிக்கு அங்கே அதுதான் பெயர்) தனி மவுசு. ஆனால் ஆபீஸில் யாருக்கும் இந்தி எழுத வராது. முன்பு செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் ஒரு பெரியவரிடம்தான் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். சாட்பாட் வந்த பிறகு தமிழில் விஷயத்தைச் சொன்னால் டீ ஆறுவதற்குள் இந்திக் கடிதம் வந்துவிடும். இந்த ஒரு வேலைக்கே சந்தா பணம் சரியாகப் போனது என்று நினைத்தோம்.

அடி விழுந்ததும் அதே இடத்தில்தான். சரக்கில் ஈரம் அதிகம் என்று ஒரு வியாபாரி புகார் அனுப்பினார். "சாம்பிள் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று பதில் எழுதச் சொன்னோம். அது மரியாதையாக எழுதுகிறேன் பேர்வழி என்று "தவறுக்கு முழுப் பொறுப்பேற்கிறோம், மாற்றுச் சரக்கு அனுப்பிவைக்கிறோம்" என்று சேர்த்துவிட்டது. படிக்கத் தெரிந்தவர் இல்லை, அப்படியே போய்விட்டது. மூன்றாம் நாள் புரோக்கர் போன்: "மாத்து மூட்டை எப்ப லோடு ஆகுதுங்க?" நாற்பது மூட்டை, மூட்டைக்கு 90 கிலோ. பேசிப் பேசி விலையில் தள்ளிக் கொடுத்துத்தான் முடித்தோம்.

முதலாளி கேட்டார், "யாரு எழுதுனது?" பில் போடும் தங்கச்சி தயங்கிக்கொண்டே, "ஏஐதான் எழுதுச்சுங்க சார்" என்றது. "அதுக்கு நான் சம்பளம் போடலியேம்மா."

கனடாவிலும் இதே வாதம் எடுபடவில்லை. ஏர் கனடா சாட்பாட் ஒரு பயணிக்கு, துக்கக் காரியப் பயணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்தும் வாங்கிக்கொள்ளலாம் என்று தவறாகச் சொன்னது. சாட்பாட் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற ரீதியில் கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்குப் பணம் கொடுக்கச் சொன்னது. நாற்பது மூட்டை விவகாரத்துக்குப் பிறகு அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்புறம் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் வந்தது. தன்னால் படித்துப் பார்க்க முடியாத எதையும் யாரும் அனுப்பக் கூடாது. அனுப்புகிறவர் பெயர் கடிதத்தின் அடியில் இருக்க வேண்டும். இந்திக் கடிதமெல்லாம் மறுபடி பெரியவரிடமே போகிறது, இப்போது வாட்ஸ்அப்பில். கடிதத்துக்கு இவ்வளவு என்று அவருக்கு ஒரு தொகை.

தமிழிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பாக்கெட்டில் போட நாலு வரி கேட்டால், ஜவ்வரிசி பனை வகை மரத்தின் தண்டுக்குள் இருக்கும் சோற்றிலிருந்து எடுப்பது என்றது. மலேயா பக்கத்து சேகோ அப்படித்தான். நம் சேலத்தில், உலகப்போரில் இறக்குமதி நின்றபோது 1940களில் மரவள்ளியில் செய்ய ஆரம்பித்ததுதான் இந்தத் தொழிலே. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கை மரத்துச் சரக்கு என்று அச்சடித்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். வாய்ஸ் மெசேஜை எழுத்தாக்கச் சொன்னால் "திப்பி லோடு போயிருச்சு" (திப்பி என்றால் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் கிழங்குச் சக்கை) என்பதைத் "தப்பி லோடு போயிருச்சு" என்று போடும். அது பரவாயில்லை, சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்கிறோம்.

சிரிக்க முடியாதது ஒன்று. பணம் போட வேண்டிய விவசாயிகளின் பாஸ்புக், ஆதார் போட்டோக்களை, பட்டியலாக்கித் தரச் சொல்லி ஒரு தம்பி தன் செல்போனில் இருந்த இலவச ஆப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். கெட்ட எண்ணம் இல்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைக் காபந்து பண்ணத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆலையையே விற்றாலும் அவ்வளவு தேறாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம்மை நம்பிக் கொடுத்த காகிதம் அது. இப்போது அந்தப் பட்டியலைக் கையால்தான் அடிக்கிறோம். கணக்கு வேலைக்கு ஏஐ வேண்டுமென்றால் பெயரையும் நம்பரையும் எடுத்துவிட்டு ஏற்றுகிறோம்.

கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் பார்ப்பதில் மட்டும் ஏஐயை உள்ளே விடவே இல்லை. அதை வைத்துத்தான் விலை. விவசாயி தராசுப் பக்கத்திலேயே நின்று பார்ப்பார், சந்தேகம் என்றால் அங்கேயே சண்டை போடுவார். திரையோடு அவர் எப்படிச் சண்டை போடுவார்?

அடுத்த வருடத்துக்கும் சந்தா கட்டியாகிவிட்டது. பெரியவருக்கும் இந்தத் தீபாவளியிலிருந்து ஐம்பது ரூபாய் கூட்டியிருக்கிறோம்.