எல்லைக்கோடா, இயல்பறிதலா? நாட்டுப்புற நிலத்தோற்றத்தை மதிப்பிடும் இரு வழிகள்

கிராமத்தின் ஓரத்தில் 30 வீடுகள் கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வருகிறது. அந்த நிலம் எவ்வளவு அழகானது என்று முதலில் பார்ப்பதா, எப்படிப்பட்டது என்று பார்ப்பதா? பிரிட்டனின் திட்டமிடல் துறை இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது.

அழகை அளப்பவர்கள் அழகான நிலத்தைச் சுற்றி எல்லைக்கோடு வரைகிறார்கள். 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டத்தின் வழியே, ‘சிறப்பு இயற்கை எழில் பகுதி’ என்ற தகுதியை 1956இல் முதலில் பெற்றது வேல்ஸின் கவர் தீபகற்பம். கோட்டுக்குள் இருக்கும் நிலத்துக்குச் சட்டத்தின் வலுவான காவல் கிடைக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே உள்ள சாதாரண வயல்வெளிதான் பெரும்பாலான கட்டுமானத்தைத் தாங்குகிறது, அதைப் பற்றிக் கோடு எதுவும் சொல்வதில்லை. 1970களில் குன்றுக்கும் நீர்நிலைக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்த முறைகளும் நிலைக்கவில்லை.

நிலம் எப்படிப்பட்டது என்று பார்க்கும் இயல்பறியும் முறை எந்த நிலத்தையும் விட்டுவிடுவதில்லை. பாறை, மண், மேடுபள்ளம், வயல்களின் வடிவம், வேலி, குடியிருப்புகள் அமைந்த விதம் ஆகியவற்றை வரைபடங்களில் ஆராய்ந்து, பிறகு நேரில் நடந்து சரிபார்க்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக்கென 2002இல் வந்த வழிகாட்டி, விவரிப்பதை ஒரு கட்டமாகவும் தீர்ப்பளிப்பதை அடுத்த கட்டமாகவும் பிரித்தது. என் பார்வையில் இந்தப் பிரிவினையே முறையின் உயிர்நாடி. ஊற்றுகள் வெளிப்படும் அடிவாரத்தை ஒட்டி நீளவாக்கில் வளர்ந்த கிராமம் அது என்று முதலில் பதிவானால், சரிவின்மீது கொத்தாக எழும் 30 வீடுகள் எதைக் குலைக்கும் என்பதும், அதே வீடுகளைத் தெருவின் நீட்சியாகக் கட்டினால் ஏன் பொருந்தும் என்பதும் விளங்கிவிடுகின்றன. எல்லைக்கோட்டால் ‘கூடாது’ என்று தடுக்க முடியும். ‘இப்படிக் கட்டலாம்’ என்று காட்ட முடியாது.

வேல்ஸின் ‘லேண்ட்மேப்’ முறை நிலவியல், வாழிடம், காட்சி, வரலாறு, பண்பாடு என ஐந்து அடுக்குகளைத் தனித்தனியே பதிந்து மதிப்பும் இடுவதால், இரு வழிகளுக்கும் நடுவில் நிற்கிறது.

இயல்பறிதலுக்கும் குறை உண்டு. இங்கிலாந்து முழுவதையும் 159 பகுதிகளாகப் பிரித்த தேசிய ஆவணத்தை ஒற்றைக் கிராமத்துக்குப் பயன்படுத்தினால், எந்த ஊருக்கும் பொருந்தும் பொத்தாம்பொதுவான வாசகங்களே மிஞ்சுகின்றன. நிலத்தோற்றம் என்பது மக்கள் உணரும் வகையிலான ஒரு பகுதி என்று 2000இல் ஃபுளோரன்ஸில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கை வரையறுக்கிறது. அதன்படி நடப்பதென்றால், எந்தப் பாதையிலிருந்து எந்தக் கோபுரம் தெரிய வேண்டும் என்பதை அந்த ஊரில் நடப்பவர்களிடமே கேட்டு, கிராம அளவில் ஆவணத்தை எழுத வேண்டும். விண்ணப்பம் வருவதற்கு முன்பே எழுதி முடிக்கவும் வேண்டும்.