பாலி, மல்டி, கட்: கிருஷ்ணகிரியில் ஆடுபவனின் டென்னிஸ் ஸ்ட்ரிங் அனுபவம்

டென்னிஸ் ராக்கெட்டுக்கு எந்த ஸ்ட்ரிங் போடலாம் என்று கேட்டால் இப்போது எல்லோரும் சொல்வது பாலியஸ்டர்தான். காலையில் எங்கள் கோர்ட்டுக்கு வரும் பையன்கள் கையிலும் அதுதான்: பச்சை ஹைப்பர்-ஜி, கறுப்பு ஆர்பிஎம் பிளாஸ்ட், மஞ்சள் பாலி டூர் ப்ரோ. மூன்றையும் நானும் வருடக்கணக்கில் போட்டு ஆடியிருக்கிறேன். புதிதாகக் கட்டிய வாரத்தில் மூன்றுமே அருமை. ஆனால் மூன்றாவது மாதத்தில் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை, நம் ஊரில் ஆடுபவனுக்கு அதுதான் முக்கியம்.

பாலிக்கு இந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1997 பிரெஞ்சு ஓப்பனில், உலகத் தரவரிசையில் 66-வது இடத்தில் இருந்த பிரேசிலின் குயர்டன் பெல்ஜியத்து லக்ஸிலான் பாலியைக் கட்டிக்கொண்டு வந்து கோப்பையைத் தூக்கினார். அதுவரை பெரிய ஆட்டக்காரர்கள் பலரும் மாட்டுக் குடலில் செய்த இயற்கை கட்தான். அமெரிக்காவின் சாம்பிராஸ் அதையே 70 பவுண்டு இழுவிசைக்கு மேல் இறுக்கி ஆடியவர். பாலி வழுவழுப்பானது. பந்து படும்போது நெடுக்கு ஸ்ட்ரிங்குகள் பக்கவாட்டில் நகர்ந்து சட்டென்று பழைய இடத்துக்கே திரும்பும், அந்தத் திரும்பலில்தான் பந்துக்கு கூடுதல் சுழற்சி கிடைக்கிறது. அதனால் முழு வேகத்தில் வீசினாலும் பந்து கோட்டுக்குள் இறங்கிவிடும். 2010 வாக்கில் நடால் ஆர்பிஎம் பிளாஸ்டுக்கு மாறிய பிறகு கேட்கவே வேண்டாம், கறுப்பு ஸ்ட்ரிங் இல்லாத ராக்கெட்டைப் பையன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, நடாலுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் கட்டித்தர ஆள் இருந்தது. நமக்கு? ஷட்டில் பேட்டுக்கு 24, 25 பவுண்டில் கட்டிங் (ஸ்ட்ரிங் கட்டுவது) போட்டுப் பழகிய கடைக்காரரிடம் டென்னிஸுக்கு 52 என்று சொன்னால் கையை விரிக்கிறார். நான் பெங்களூருக்குத்தான் எடுத்துப் போகிறேன், ஒரு வழிக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ வருடத்தில் அத்தனை முறை கட்டிங் மாற்ற வேண்டும் என்பார்கள், பாலிக்கு அதுவும் பற்றாது. 10, 20 மணி நேர ஆட்டத்திலேயே இறுக்கம் போய், அந்த நகர்ந்து திரும்பும் வேலையும் நின்றுவிடும், ஆனால் அறாது. நைலான் செத்தால் அறுந்து சொல்லிவிடும், பாலி அப்படியே கிடக்கும், நாமும் காசு போட்டோமே என்று ஆடிக்கொண்டே இருப்போம். அப்போது பந்தை அடித்தால் பலகையில் அடிப்பது போல அதிர்வு நேராக முழங்கைக்கு ஏறும். என்னோடு இரட்டையர் ஆடும் அண்ணன் ஒருவர் செத்த பாலியோடு மல்லுக்கட்டி, கடைசியில் எல்போ பட்டி கட்டிக்கொண்டுதான் கோர்ட்டுக்கு வந்தார்.

அப்புறம் மல்டிஃபிலமென்ட். நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்துச் செய்தது, கைக்கு இதம், இறுக்கத்தையும் பாலியைவிட நன்றாகப் பிடித்துவைக்கும். வில்சன் என்எக்ஸ்டி, டெக்னிஃபைபர் எக்ஸ்-ஒன் பைஃபேஸ் இரண்டும் போட்டிருக்கிறேன். எக்ஸ்-ஒன்னில் பந்து பறக்கிறது, ஓங்கி அடிப்பவர்களுக்குக் கொஞ்சம் அடங்காது, எனக்கு என்எக்ஸ்டியே போதும். சிக்கல் நம் ஊர்ப் புழுதிதான். சிமென்ட் தரையில் படியும் செம்மண் பந்தில் ஒட்டி ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே போய் அரம் மாதிரி அறுக்கும், இழை இழையாகப் பிசிறு கிளம்பிவிடும். ஆடி முடித்ததும் துணியால் துடைத்து, அரைபட்ட இடத்தை விரலால் நகர்த்தி நேராக்கி வைத்தால் ஓரளவு தாங்குகிறது.

இயற்கை கட்டை ஒரே ஒரு முறை ஆசைக்குப் போட்டேன். அந்த மென்மைக்கு ஈடே இல்லை, ஆனால் விலையும் ஈரத்துக்கு அது படும் பாடும் நமக்கு ஒத்துவராது. ஃபெடரர் மாதிரி நெடுக்கில் கட், குறுக்கில் பாலி என்ற கலவை பார்க்க ஆசையாக இருக்கும், கட்டுகிற செலவில் பாதி ராக்கெட் வந்துவிடும்.

பாலியின் மவுசு குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்பு முரட்டுப் பாலியை இறுக்கிக் கட்டினார்கள், இப்போது மென்மையான பாலியை 50-க்கும் கீழே தளர்வாகக் கட்டுகிறார்கள், பிரான்ஸின் மன்னாரினோ 30 பவுண்டுக்கும் கீழே ஆடுகிறார். அந்த மாற்றம் நல்லதுதான். மல்டியை ஓரிரு வாரத்தில் அறுத்துத் தள்ளும் பையன்கள் நெடுக்கில் மென்பாலி, குறுக்கில் பிரின்ஸ் சிந்தெடிக் கட் என்ற நைலான் ஸ்ட்ரிங் போட்டுப் பார்க்கலாம், செலவும் குறைவு. ஆனால் அறாவிட்டாலும் அதைக் காலண்டர் பார்த்து மாற்றிவிட வேண்டும். என் ராக்கெட்டுகள் இரண்டிலும் இப்போது 1.30 மி.மீ. தடிமன் மல்டிதான், பாலிக்கு வைத்திருந்ததைவிட 3 பவுண்டு கூட்டி 54. சித்திரை வெயிலில் மட்டும் அவற்றைக் காருக்குள் விட்டுவிட்டுப் போவதில்லை, அந்தச் சூட்டில் எந்த ஸ்ட்ரிங்கும் தொய்ந்துவிடும்.