மலிவு கைகர் கவுன்ட்டர்: கருமணலுக்குச் சரி, நியூட்ரானுக்கு வேண்டாம்

சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வரும் கையடக்க கைகர் கவுன்ட்டர்கள் (கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கருவிகள்) பலவற்றில் எம்4011 என்ற கண்ணாடிக் குழாய்தான் இருக்கும். குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம் பக்கம் கருமணலை அளக்க, கொடுத்த காசுக்கு மோசமில்லை. 'எல்லாக் கதிர்வீச்சையும் அளக்கும்' என்று விற்பவர் சொன்னால் மட்டும் நம்பிவிட வேண்டாம்.

மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அது படிப்படியாகச் சிதையும்போது பீட்டாத் துகள்களும் காமாக் கதிர்களும் வரும். இந்தக் குழாய்க்கு வழக்கமாகப் போடும் கணக்கு: நிமிடத்துக்கு ஒரு எண்ணிக்கை என்றால் மணிக்கு 0.0065 மைக்ரோசீவர்ட் (சீவர்ட் என்பது உடம்புக்கு வரும் பாதிப்பைக் கணக்கிடும் அலகு). இது காமாவுக்கான கணக்கு. கருவியை மணலோடு ஒட்டி வைத்தால் பீட்டாவும் சேர்ந்து எண்ணிக்கை எகிறும்; திரையில் தெரியும் சீவர்ட் அப்போது பொய்க் கணக்கு. இடையில் 4 மி.மீ. அலுமினியத் தகடு வைத்தால் பீட்டா நின்றுவிடும். உடம்புக்கு வரும் டோஸ் தெரிய வேண்டுமானால் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்து, 10 நிமிடச் சராசரி எடுங்கள். நிமிடத்துக்கு 20 எண்ணிக்கை வரும் இடத்தில் ஒரே நிமிடம் பார்த்தால் பிழை 22 சதவீதம். பத்து நிமிடம் பார்த்தால் 7 சதவீதம்தான். ஒரு நிமிட எண்ணை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவது வீண் பீதி.

குழாய்க்கு 400 வோல்ட் அளவில் மின்னழுத்தம் தேவை. உப்புக் காற்றின் ஈரம் சர்க்யூட் போர்டில் படிந்தால் மின்கசிவு ஏற்பட்டு, இல்லாத எண்ணிக்கை வரும். மெல்லிய பாலிதீன் பையில் போட்டே கடற்கரைக்குக் கொண்டுபோங்கள். மூடியில்லாத மாடலில் நேர் வெயில் கண்ணாடிக் குழாயில் பட்டாலும் இதே கதைதான். நிழலில் ஒருமுறை அளந்து ஒப்பிட்டால் குட்டு உடையும்.

இனி அணுக்கருவிலிருந்து வெளிவரும் துகளான நியூட்ரான். அதற்கு மின்னூட்டம் இல்லாததால் குழாயிலுள்ள வாயுவை நேரடியாக அயனியாக்காது. திரையில் எண் ஏறவில்லை என்பதற்காக நியூட்ரான் இல்லை என்று ஆகாது. உடம்புக்குள்ளோ, தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் கருவை இடித்துப் புரோட்டானைத் தள்ளிவிடும். அந்தப் புரோட்டான் ஒரு சின்ன இடத்துக்குள் மொத்த ஆற்றலையும் கொட்டுவதால், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பக்கத்துப் பக்கத்திலேயே அறும். செல் அதைத் தப்பாக ஒட்டினால் புற்றுநோய்க்கு வழி திறக்கும். கிரே என்பது உடம்பு உள்வாங்கும் ஆற்றலின் அலகு. 1 மில்லிகிரே காமா 1 மில்லிசீவர்ட் என்றால், 1 எம்.இ.வி. (மெகா எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுள்ள நியூட்ரானில் அதே 1 மில்லிகிரே சுமார் 20 மில்லிசீவர்ட். இந்தியாவில் கதிரியக்கத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஓர் ஆண்டுக்கு அனுமதிக்கும் அளவே அவ்வளவுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை நியூட்ரானைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது.

கருமணலில் இந்தக் கவலை வேண்டாம். அங்கே நியூட்ரான் புறக்கணிக்கத்தக்க அளவு. பக்கத்து மாவட்டத்துக் கூடங்குளத்தின் உலை நியூட்ரானும் கான்கிரீட்டைத் தாண்டி நம் வீட்டுக்கு வராது. விபத்து நேர்ந்தால் வெளியே வரக்கூடியவை பீட்டா, காமா விடும் பொருள்கள். அவற்றுக்கு இதே கவுன்ட்டர் ஓரளவு உதவும்.

கவலைப்பட வேண்டியவர்கள் வேறு. வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறையை ஆராயும் லாகிங் வேலையில் அமெரிசியம்-பெரிலியம் நியூட்ரான் மூலத்தைக் கையாளும் நம்மூர்ப் பையன்கள், 10 எம்.வி.க்கு (மெகா வோல்ட்) மேல் ஓடும் புற்றுநோய்ச் சிகிச்சை லீனியர் ஆக்ஸிலரேட்டர் அறைப் பணியாளர்கள். ஈயத்தின் பின்னால் நின்றால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேக நியூட்ரானைத் தணிக்க ஹைட்ரஜன் நிறைந்த பாலிதீன், பாரஃபின் மெழுகு, தண்ணீர் வேண்டும், பிறகு அதை விழுங்கப் போரான். அளக்க, பாலிதீன் உருளைக்குள் ஹீலியம்-3 அல்லது போரான் டிரைஃபுளூரைடு குழாய் வைத்த ரெம் கவுன்ட்டர் என்ற நியூட்ரான் டோஸ் மீட்டர் வேண்டும். கனமான சாமான், விலையும் மலிவு கைகர் கவுன்ட்டரைப்போல் பல மடங்கு. வாங்கிய டோஸைப் பதிவு செய்ய நெஞ்சில் குத்தும் வழக்கமான டி.எல்.டி. பேட்ஜ் பீட்டா, காமாவுக்குத்தான். வேக நியூட்ரானுக்கு சி.ஆர்-39 பிளாஸ்டிக் தகடு உள்ள பேட்ஜைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.