தாடைக்குக் கீழே வீக்கம்: உமிழ்நீர்க் கல்லா, காசநோயா?

எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் வைத்த மாத்திரத்தில் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் புடைத்து, விண்ணென்று வலித்து, சாப்பிட்டு முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறதா? நெறி கட்டியிருக்கிறது என்று பற்றுப் போட்டுப் பயனில்லை. உமிழ்நீர்க் குழாயைக் கல் அடைத்திருக்கலாம். இத்தகைய கற்களில் பத்துக்கு எட்டு தாடைக்கீழ்ச் சுரப்பியில்தான் உருவாகின்றன. அங்கே உமிழ்நீர் கெட்டியானது, குழாயோ கீழிருந்து மேலே ஏறுகிறது. நாக்கை உயர்த்திப் பார்த்தால் சில நேரம் அரிசிமணி போன்ற மஞ்சள் கல் கண்ணுக்கே தெரியும். சிறிய கல் என்றால், நிறையத் தண்ணீர் குடித்துச் சுரப்பியை நீவிவிட்டாலே வெளியேறிவிடக்கூடும்.

இன்னொரு காரணம் நிணநீர்க்கணுக் காசநோய், அதாவது நெறி கட்டும் கணுக்களைத் தாக்கும் காசநோய். இதில் வரும் வீக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பே இல்லை. வாரக்கணக்கில் மெல்ல வளரும், பெரும்பாலும் வலிக்காது. கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகும். பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான். இருமல் இல்லாததால் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் நுரையீரலில் நோய் இல்லாமலும் இது வரும், அப்போது பிறருக்குத் தொற்றுவதில்லை. சாதாரணக் கட்டி என்று கீறிவிடுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது: புண் ஆறாமல் மாதக்கணக்கில் சீழ் வடியும். முதலில் ஊசியால் உறிஞ்சிச் சோதிக்க வேண்டும். உறுதியானால் வழக்கமாக 6 மாத மாத்திரை. இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு மூன்று வாரம் தாண்டியும் கழுத்து வீக்கம் வற்றாவிட்டால், இவ்விரண்டோடு நிறுத்தாமல் வாய், தொண்டைப் புற்றுநோயையும் தேடிப் பார்க்க வேண்டும்.