‘ஆர்மி மாடல்’ ஏர் ரைஃபிள் பார்ட்ஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

குமரி மாவட்டத்தில் ஏர் ரைஃபிள் பழகுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ராணுவ ஸ்னைப்பர் மாதிரி இருக்கும் போல்ட் ஆக்‌ஷன் பிசிபி (முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும்) ரைஃபிளுக்கு சேஸிஸ் (துப்பாக்கி உட்காரும் சட்டம்), பேரல் (குழல்), ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எல்லாம் செட்டாகத் தருகிறோம் என்று வெளியூர்க் கடை ஒன்று போனிலேயே பேசி விற்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. நான் கட்டியது 46,000 ரூபாய்.

முதலில் சேஸிஸ். முழு அலுமினியம் என்றார்கள். வெளிப்பக்கம் அலுமினியம்தான், பெல்லட் ஏற்றிச் சுடும் இயக்கப் பகுதியான ஆக்‌ஷன் உட்காரும் பள்ளம் பிளாஸ்டிக். குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் 25 மீட்டரில் பேப்பர் டார்கெட் வைத்துச் சுட்டேன். முதல் நாலைந்து பெல்லட் (சிறிய குண்டு) ஒன்றாக விழும், அப்புறம் இடது பக்கம் நகர ஆரம்பிக்கும். தலை 4.50 மி.மீ., 4.52 மி.மீ. இரண்டு அளவு பெல்லட்டும் மாற்றிப் போட்டாயிற்று. கடைக்குப் போன் பண்ணினால், “கன்னியாகுமரியில காத்து ஜாஸ்தி சார், அதான்” என்றார் அந்தத் தம்பி. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளை எங்கோ போட்டோவில் பார்த்திருப்பார் போல. ரப்பர் தோட்டத்துக்குள் அன்றைக்கு ஒரு இலை அசையவில்லை.

பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆன மாமா வந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். அதை பேரலுக்கு அடியில் வளைத்துப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ஆக்‌ஷன் பக்கமாக இழுத்தார். பாதி வழியில் நோட்டு சிக்கி நின்றது. “மக்களே, பேரல் ஸ்டாக்குல, அதான் இந்த சேஸிஸ்ல, முட்டுது பாரு. நீ பிடிக்கிற அழுத்தம் மாறுனா அடி விழுற இடமும் மாறும்” என்றார். துல்லியத்துக்கென்று செய்யும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் பேரல் எதிலும் படாமல் நிற்க வேண்டும் என்பதுதான் பாலபாடம். இவர்கள் ராணுவத் துப்பாக்கியின் தோற்றத்தை மட்டும் காப்பி அடித்து, வேலை செய்கிற விஷயத்தை விட்டுவிட்டார்கள்.

போட்டித் தரம் என்று விற்ற ‘மேட்ச் பேரல்’ கதையும் அதேதான். காது குடையும் பஞ்சுக் குச்சியை பேரல் வாயின் உள்விளிம்பில் ஒரு சுற்று சுற்றினேன். ஒரே இடத்தில் பஞ்சு இழை இழையாகப் பிடித்துக்கொண்டது. அங்கே பிசிர் இருக்கிறது என்று அர்த்தம். பெல்லட் கடைசியாக உரசிவிட்டுப் போகும் இடம் அது. அங்கே பிசிர் இருந்தால் பேரல் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஸ்கோப்பைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. பேரலாக்ஸ் (கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரம்) 100 கெஜத்துக்கு நிலையாக வைத்தது. 25 மீட்டரில் கண்ணைச் சற்று நகர்த்தினால் குறுக்குக்கோடும் டார்கெட் மேல் நகர்கிறது. இதற்கு 10 மீட்டர் வரை திருப்பி வைக்கிற வசதி உள்ளதுதான் வேண்டும். ‘மிலிட்டரி ஸ்கோப்’ என்று பெயர் வேறு! உள்ளே புள்ளிகள் மில் கணக்கு, வெளியே திருகு எம்ஓஏ கணக்கு. இரண்டும் கோண அளவுகள்; 100 மீட்டரில் ஒரு மில் 10 செ.மீ., ஒரு எம்ஓஏ சுமார் 2.9 செ.மீ. ஒவ்வொரு தடவையும் மனக்கணக்குப் போட வேண்டியதுதான். ரைஃபிளில் ஸ்கோப் மாட்ட இருப்பது 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம், ஸ்கோப்பைப் பிடிக்க அனுப்பிய ரிங் வேறு வகையான பிகட்டினி ரெயிலுக்கானது. அதற்கு அடாப்டர் தனிக் காசாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு பதில் வந்தது: “பாயிண்ட் 22 பேரல் ஃப்ரீயா அனுப்பறோம் சார், பவர் ஜாஸ்தி, லைசென்ஸ் எதுவும் வேண்டாம்.” இதுதான் எல்லாவற்றையும் விட மோசம். பாயிண்ட் 22 என்றால் 0.22 அங்குலத் துளை. 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ.க்கு மேல் துளை இருந்தாலோ, 20 ஜூலுக்கு மேல் சக்தி இருந்தாலோ ஏர் ரைஃபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். மாட்டினால் போலீசுக்குப் பதில் சொல்லப்போவது வாங்கியவன், கடைக்காரன் அல்ல.

1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்தேன். அதில் நகரவில்லை என்றதும் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போய்விட்டேன். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பில், பார்சல் பிரித்த வீடியோ, நோட்டு சிக்கி நிற்கிற போட்டோ, கூடவே அந்தப் பாயிண்ட் 22 வாட்ஸ்அப் செய்தியையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு சேர்த்திருக்கிறேன்.