எல்லாம் சேர்த்து எவ்வளவு? ஒரே ரூம், நான்கு விலைப்பலகை

லாஸ் வேகஸில் ஒரு ஹோட்டல் ரூம். (நம் ஊரில் ஹோட்டல் என்றால் இட்லி கிடைக்கும் இடம். இங்கே நான் சொல்வது தங்குகிற ஹோட்டலை.) ஓர் இரவு வாடகை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதோடு ‘ரிசார்ட் ஃபீ’ என்று ஒரு கட்டாயக் கட்டணம் 40 டாலர். இரண்டையும் கூட்டி அதன் மேல் வரி. கேசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் பகுதியில் அது 13.38 சதவீதம். ஆக மொத்தம் 158 டாலர் 73 சென்ட்.

இதே ரூமை வெவ்வேறு நாட்டுச் சட்டத்தின் கீழ் விற்றால், போனில் தேடும்போது முதலில் கண்ணில் படும் எண் என்னவாக இருக்கும்? கடைசியில் கார்டில் போகிற பணம் எல்லா இடத்திலும் 158.73தான். அது எந்தத் திரையில் நமக்குத் தெரியவருகிறது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

பழைய அமெரிக்கா: 100

இருபது வருடத்துக்கும் மேலாக அமெரிக்காவில் நடந்தது இதுதான். பட்டியலில் 100. ரூமைத் தேர்ந்தெடுத்து, தேதி போட்டு, பெயர் எழுதி, கார்டு எண் அடிக்கும் கட்டத்தில் ஃபீ எட்டிப்பார்க்கும். சில நேரம் அங்கேயும் வராமல், ‘ஹோட்டலில் செலுத்த வேண்டியது’ என்று பொடி எழுத்தில் ஒதுங்கி நிற்கும். கடலும் இல்லை, மலையும் இல்லை, நடு ஊரில் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் ஹோட்டல்கள் ‘ரிசார்ட்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு ‘டெஸ்டினேஷன் ஃபீ’, ‘அமெனிட்டி ஃபீ’ என்று பெயர் மாற்றிக்கொண்டன.

சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஓர் இடத்தில் நானும் மாட்டினேன். இரவு பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்து, காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டேன். ஃபீ எதற்கு என்று ரிசப்ஷனில் கேட்டால், நீச்சல்குளம், ஜிம், வைஃபை, அப்புறம் உள்ளூர் அழைப்புகள் இலவசம் என்றார்கள். நீச்சல்குளம் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. உள்ளூர் அழைப்புதான் இன்னும் மனதில் நிற்கிறது. அந்த ஊரில் எனக்கு ஒரு ஆளையும் தெரியாது.

வாடகையையே 140 என்று போட்டுவிடலாமே, ஏன் பிரிக்கிறார்கள்? முதல் காரணம் வரிசை. தேடும் தளங்களில் ‘விலை குறைந்தது முதலில்’ என்று அடுக்கினால், 100 போட்டவர் மேலே நிற்பார், 130 என்று நேர்மையாகப் போட்ட பக்கத்து ஹோட்டல் கீழே போய்விடும். உண்மையில் மலிவு அந்த 130தான். இரண்டாவது காரணம் கமிஷன். முகவர் தளங்களுக்குத் தரும் பங்கு நெடுங்காலம் பெரும்பாலும் ரூம் வாடகையின் மேல் மட்டுமே கணக்கிடப்பட்டது. ஃபீயாக வாங்கிய பணம் பங்கு பிரியாமல் ஹோட்டலுக்கே போனது.

அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி. 2012-லேயே 22 ஹோட்டல் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2017-இல் அதன் பொருளாதார ஆய்வறிக்கை ஒன்று, இப்படிப் பிரித்துக் காட்டுவது நுகர்வோரின் தேடும் வேலையைக் கூட்டுகிறதே தவிர அவர்களுக்கு ஈடான நன்மை எதையும் தருவதில்லை என்ற முடிவுக்கு வந்தது. 2019-இல் வாஷிங்டன் டி.சி. மேரியட் மீதும், நெப்ராஸ்கா மாநிலம் ஹில்டன் மீதும் வழக்குப் போட்டன. 2021-இல் மேரியட் பென்சில்வேனியா மாநிலத்தோடு சமரசத்துக்கு வந்து, மொத்த விலையை முதல் பக்கத்திலேயே காட்ட ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் நடுவில் ஃபீ ஏறிக்கொண்டேதான் இருந்தது.

நேர்மையாக நடக்கலாமே என்று முயன்றவர்களுக்கு என்ன ஆயிற்று? வேகஸில் சீசர்ஸ் நிறுவனம் ‘எங்களிடம் ரிசார்ட் ஃபீ கிடையாது’ என்றே சில ஆண்டுகள் விளம்பரம் செய்தது. 2013-இல் அதுவும் ஃபீ வாங்கத் தொடங்கிவிட்டது. ஹோட்டலுக்கு வெளியே இன்னும் தெளிவான ஓர் உதாரணம் இருக்கிறது. டிக்கெட் மறுவிற்பனைத் தளமான ஸ்டப்ஹப் 2014-இல் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்தே விலை காட்டியது. மறு ஆண்டு ஒரு பரிசோதனை நடத்தியது. ஒரு பகுதி வாடிக்கையாளர்களுக்கு முதலிலேயே மொத்தம், மற்றவர்களுக்குக் கடைசித் திரையில்தான் கட்டணம். கடைசியில் பார்த்தவர்கள் சுமார் 21 சதவீதம் கூடுதலாகச் செலவழித்தார்கள். நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. பழைய முறைக்கே திரும்பியது.

இதனால்தான் ‘நிறுவனங்கள் தாமாகத் திருந்தும்’ என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. தனியாக ஒருவர் மட்டும் நேர்மையாக இருந்தால் அவர் பட்டியலில் கீழே போவார். எல்லோரையும் ஒரே நாளில் மாறச் சொன்னால்தான் யாருக்கும் நஷ்டமில்லை.

புதிய அமெரிக்கா: 140

அந்த நாள் 2025 மே 12. எஃப்.டி.சி.யின் புதிய விதி அன்று அமலுக்கு வந்தது. 2023-இல் முன்வைத்தபோது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருந்தது. இறுதியில் இரண்டுக்கு மட்டும் சுருங்கியது: நேரடி நிகழ்ச்சி டிக்கெட், குறுகிய காலத் தங்குமிடம். ரூம் விலையைக் காட்டும் யாரும், கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத்தைக் காட்ட வேண்டும். அதுவும் மற்ற எந்த விலையையும்விடப் பளிச்சென்று. மீறினால் ஒரு மீறலுக்கு 53,088 டாலர் வரை அபராதம். கலிஃபோர்னியா இதற்குப் பத்து மாதம் முன்பே, 2024 ஜூலை 1 முதல், தன் மாநிலத்துக்கு இதேபோன்ற சட்டம் கொண்டுவந்துவிட்டது.

இது ரிசார்ட் ஃபீக்குத் தடை என்று பலர் நினைத்துவிட்டார்கள். தடையும் இல்லை, உச்சவரம்பும் இல்லை. 40 டாலர் வாங்கலாம், 80 கூட வாங்கலாம். ஒளித்து வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அரசு வரியை மொத்தத்தில் சேர்க்காமல் விட இந்த விதி அனுமதிக்கிறது. நம் கணக்கில் 140 தெரியும், 18.73 பின்னால் வரும். அமெரிக்காவில் மளிகைக் கடையில்கூட அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை. அங்கே வளர்ந்தவர்களுக்கு இது குறையாகவே தெரியாது. வெளியூர்க்காரர்கள்தான் சில்லறையைக் கையில் எண்ணி வைத்துக்கொண்டு விழிக்கிறோம்.

இருந்தாலும் இது பெரிய முன்னேற்றம். வரி ஓர் ஊரில் எல்லா ஹோட்டலுக்கும் ஏறக்குறைய ஒரே விகிதம். அதனால் ஒரே ஊருக்குள் ஒப்பிடும்போது வரிசை இப்போது பொய் சொல்வதில்லை. பழைய முறையின் ஆகப் பெரிய கேடு அந்த வரிசைதான்.

ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும்: 158.73

ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் சட்டப்படி விலை என்றால் வரியும் சேர்ந்தது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டி மூலம் கூடுதல் சேவையைத் தலையில் கட்டுவதும் அங்கே செல்லாது. பிரிட்டனும் 2025 ஏப்ரலில் தன் புதிய சட்டத்தை அமலாக்கி, போட்டி ஆணையமே நேரடியாக, உலகளாவிய விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் போட வழி செய்திருக்கிறது.

ஐரோப்பாவில் ஓட்டை விழுவது நகர வரியில். ரோமில் தலைக்கு, ஓர் இரவுக்கு, ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து வாங்குகிறார்கள். ஐந்து நட்சத்திரம் என்றால் 10 யூரோ. பல இடங்களில் இதை ரிசப்ஷனில் தனியாகக் கட்ட வேண்டும். புக் செய்யும் தளத்தில் ‘நகர வரி சேர்க்கப்படவில்லை’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அது ரூம் விலையில் 12.5 சதவீதம். நான்கு பேர் குடும்பம் நான்கு நாள் தங்கினால் இது சில்லறைக் காசு இல்லை. ஹோட்டலை இதில் குறை சொல்ல முடியாது, பணம் நகராட்சிக்குத்தான் போகிறது. ஆனால் பர்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆஸ்திரேலியாவின் விதி நான் பார்த்தவற்றில் சுருக்கமானது, கடுமையானது. கணக்கிட முடிந்த கட்டாயக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே விலை போடு. துண்டு விலைகளையும் காட்ட ஆசையா, காட்டு. ஆனால் மொத்த விலை அவற்றுக்குக் குறையாத அளவில் பளிச்சென்று தெரிய வேண்டும். விமானக் கட்டணத்தில் பணம் செலுத்தும் கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்ததற்காக 2017-இல் ஜெட்ஸ்டாருக்கு 5,45,000 ஆஸ்திரேலிய டாலர், வர்ஜினுக்கு 2,00,000 என்று நீதிமன்றம் அபராதம் போட்டது. அந்த அளவு நிறுவனங்களுக்கு அது டீ செலவு. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் அதோடு ஓயவில்லை. 2022-இல் ஹோட்டல் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் தளமான ட்ரிவாகோவுக்கு 4.47 கோடி டாலர். மலிவு விலையைக் காட்டுவதாக டிவியில் சொல்லிவிட்டு, அதிகக் கமிஷன் தரும் தளங்களை மேலே தள்ளியதும், சாதாரண ரூம் விலைக்குப் பக்கத்தில் சொகுசு ரூம் விலையை அடித்துக் காட்டித் தள்ளுபடிபோலத் தோன்றவைத்ததும் குற்றம். 2023 டிசம்பரில், தங்குவதற்கு வீடுகளை வாடகைக்குப் பிடித்துத்தரும் ஏர்பிஎன்பிக்கு 1.5 கோடி டாலர். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். டாலர் குறி போட்டிருந்தார்கள், அது அமெரிக்க டாலர் என்று எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லவில்லை. ஒரே எழுத்து, இரண்டு நாணயம்.

இந்த ஏர்பிஎன்பியை வைத்தே இன்னொரு விஷயம். ஐரோப்பிய ஆணையம் நெருக்கியதும் 2019-க்குள் அங்கே சுத்தப்படுத்தும் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து விலை காட்ட ஏற்பாடு செய்தது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில்தான், அதுவும் பயனாளர் தானே அழுத்திக்கொள்ளும் ஒரு பொத்தானாக வந்தது. உலகம் முழுக்க இயல்பாகவே மொத்த விலை என்று ஆனது 2025 ஏப்ரலில். ஒரே நிறுவனம், ஒரே செயலி. ‘தொழில்நுட்பச் சிக்கல்’ என்று சொல்வதை எப்படி நம்புவது?

இந்தியா: சட்டம் ஒன்று, திரை ஒன்று

20 ரூபாய் தண்ணீர் பாட்டிலில் ‘எல்லா வரிகளும் உட்பட’ என்று அச்சிட்டாக வேண்டும் என்பது நம் நாட்டில் சட்டம். அந்தப் பாட்டில் வைத்திருக்கிற ஹோட்டல் ரூமுக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை. (ஹோட்டல்கள் அந்தப் பாட்டிலையே எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது தனிக் கதை.) செயலிகளில் பெரிய எழுத்தில் வாடகை, அடியில் சாம்பல் நிறத்தில் ‘வரிகளும் கட்டணங்களும் தனி’. அந்த இரண்டு சொல்லில் எது அரசுக்குப் போகும் வரி, எது செயலி தனக்கு எடுத்துக்கொள்ளும் கட்டணம் என்று தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வரி அமைப்பில் இது அமெரிக்காவைவிட மோசமாகக் கடிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. பட்டியலில் அடுத்தடுத்து 7,500, 7,600 என்று இரண்டு ரூம் தெரிகிறது. நூறு ரூபாய்தானே என்று இரண்டாவதை எடுக்கிறீர்கள். முதலாவது 7,875-இல் முடிந்திருக்கும். நீங்கள் கட்டப்போவது 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் 1,093 ஆகிவிட்டது. ஒரே ஊரில் எல்லோருக்கும் ஒரே விகிதம் என்று அமெரிக்காவுக்குச் சொன்ன சமாதானம் இங்கே எடுபடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவதும் ஒன்று. கேட்காததைக் கூடையில் நுழைப்பது இன்னொன்று. 2025 ஜூனில் தளங்கள் மூன்று மாதத்துக்குள் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்ளச் சொன்னார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்துவது எந்த மாணவனுக்குத்தான் பிடிக்காது? இதைவிட நன்றாக வேலை செய்தது சர்வீஸ் சார்ஜ் விவகாரம். ஹோட்டல்களும் உணவகங்களும் அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்ற 2022 ஜூலை வழிகாட்டுதலை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. ‘சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடுங்க’ என்று இப்போது குரலைத் தாழ்த்தாமல் சொல்ல முடிகிறது.

என் வரிசை

ஆஸ்திரேலியா முதல். ஐரோப்பா இரண்டாவது, நகர வரியால் ஒரு படி கீழே. புதிய அமெரிக்கா மூன்றாவது. இந்தியா, சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் இரண்டாம் இடத்துக்குப் போட்டி போடலாம், போன் திரையைப் பார்த்தால் நான்காவது.

வரியைத் தனியே காட்டுவதுதான் நேர்மை, அரசு எவ்வளவு எடுக்கிறது என்று மக்களுக்குத் தெரியட்டும் என்று ஒரு வாதம் உண்டு. அலுவலகக் கணக்கில் பயணம் செய்பவர்களுக்கும் அடிப்படை வாடகை தனியாக வேண்டும். சரி, பில்லில் எத்தனை வரி வேண்டுமானாலும் பிரித்துக் காட்டுங்கள். விளம்பரத்தில் ஒரே எண் போதும்.

ஆஸ்திரேலிய விதியிலும் மிஞ்சுவது ஒன்று இருக்கிறது: ‘கட்டாயம்’ என்ற சொல். விருப்பச் சேவைக்கான கட்டணத்தை எந்த நாடும் மொத்தத்தில் சேர்க்கச் சொல்லவில்லை. வேகஸ் ஸ்ட்ரிப்பில் பல காலம் இலவசமாக இருந்த பார்க்கிங்குக்கு எம்.ஜி.எம். நிறுவனம் 2016-இல் கட்டணம் போட ஆரம்பித்தது. கார் ஓட்டிக்கொண்டு வருபவருக்கு அது விருப்பமா, கட்டாயமா? நம் பக்கம் எக்ஸ்ட்ரா பெட், நேரத்துக்கு முன்பே செக்-இன், டிரைவர் தங்க இடம். இவை எதுவும் எந்தத் திரையிலும் வராது.

அதற்காக நான் இன்னமும் போன் போடுகிறேன். போன மாதம் ஒரு லாட்ஜில் கேட்டேன்.

“எல்லாம் சேர்த்து எவ்வளவுங்க?”

“ரெண்டாயிரத்து நூறு சார், டாக்ஸோட.”

“எக்ஸ்ட்ரா பெட்?”

“அது முந்நூறு.”

“கார் நிறுத்த?”

“அதுக்கெல்லாம் காசு வாங்க மாட்டோம் சார். ஆனா சுடுதண்ணி காலைல எட்டு மணி வரைக்கும்தான்.”