திருச்சியில் ஒரு லோஷன் வாங்கப் போய்

விமானம், இமிகிரேஷன், லக்கேஜ், வீடு வரைக்கும் டாக்ஸி, சிம் கார்டு எல்லாமே இந்த முறை ஒழுங்காக நடந்தன. அதையெல்லாம் எழுதப் போவதில்லை. தில்லை நகர்ப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நடந்ததைத்தான் எழுத வேண்டும். ஊருக்கு வந்து இத்தனை நாளாகியும் அது மனசை விட்டுப் போகவில்லை.

எனக்கு மேல்கையின் பின்பக்கம் எப்போதும் சொரசொரவென்று இருக்கும். அம்மாவுக்கு உண்டு, அக்காவுக்கு உண்டு, இப்போது அக்கா மகளுக்கும் வந்திருக்கிறது. கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்பார்கள். தோலில் உள்ள கெரட்டின் புரதம் ரோமக்காலின் வாயில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ரோமக்காலும் குட்டிப் பொரியாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். தொற்றாது, உடம்பைக் கெடுக்காது, பெரும்பாலும் வம்ச வழியாக வருவது. காற்று வறண்டால் கூடும். நியூ ஜெர்சியில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் என் கையைத் தொட எனக்கே பிடிக்காது. திருச்சியில் வளர்ந்த காலத்தில் இப்படி ஒன்று இருப்பதே பெரிதாகத் தெரிந்ததில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய், பயத்தம் மாவு, அப்புறம் வருஷம் முழுக்க வியர்வை. வறண்டு போக அந்தத் தோலுக்கு நேரமே கிடைத்திருக்காது.

அங்கே இதற்கு நான் போடுவது 12 சதவீத லாக்டிக் அமில லோஷன். எந்தப் பார்மசியிலும் அலமாரியில் இருக்கும், சீட்டு வேண்டாம், எடுத்துக்கொண்டு காசு கொடுத்துவிட்டு வரலாம். குளித்துவிட்டு ஈரம் காய்வதற்குள் தடவினால் செத்த செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தி மெல்ல உதிர வைக்கும். கூடவே ஈரத்தையும் பிடித்து வைக்கும். புதிதாக வந்த பேஷனும் இல்லை இது. வான் ஸ்காட், யூ என்ற இரண்டு பேர், மீன் செதில் மாதிரி தோல் உரியும் நோயாளிகளுக்கு இந்த வகை அமிலங்கள் வேலை செய்வதை 1974-லேயே எழுதிவிட்டார்கள். லாக்டிக் அமிலமே முதன்முதலில் 1780-ல் புளித்த பாலிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் வீட்டில் தயிரைத் தடவினால் அதில் அமிலம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அளவு தெரிந்து தயாரித்ததுதான் லோஷனின் பலமே.

அந்தப் பாட்டில்தான் பெட்டிக்குள் மூடி கழன்று முக்கால்வாசி கொட்டியிருந்தது. சரி, இங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு சாயங்காலம் கடைக்குப் போனேன்.

மெடிக்கல் ஷாப் கவுண்டர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிசை கிடையாது. பின்னால் இருப்பவர் உங்கள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு அட்டை பாரசிட்டமால் கேட்பார், அவருக்கு முதலில் கிடைக்கும். என் முறை வந்ததும் கையைக் காட்டி, "இந்தச் சொரசொரப்புக்கு லாக்டிக் ஆசிட் லோஷன் இருக்கா? யூரியா சேர்ந்ததா இருந்தாலும் பரவாயில்லை" என்றேன். பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். என் கையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா மகளின் முகத்தைப் பார்த்தான். கவுண்டருக்குக் கீழே கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். அலமாரியில்கூட இல்லை; கைக்கு எட்டுகிற இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவு ஓடுகிறது போல.

"இத நைட்ல போடுங்க மேடம். ஒரே வாரத்துல பளிச்சுனு ஆயிடும். கைக்கும் போடலாம், முகத்துக்கும் போடலாம்."

டப்பாவை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கோடு. அதன் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், டிரெட்டினோயின் 0.025 சதவீதம், மோமெட்டசோன் 0.1 சதவீதம். மங்கு விழுந்த முகத்துக்கு டாக்டர் பார்த்து, கொஞ்ச காலத்துக்கு மட்டும் கொடுக்கிற கலவை இது. மூன்றாவதாக இருப்பது ஸ்டீராய்டு. சொரசொரப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பரு இருக்கிற முகத்தில் தொடர்ந்து போட்டால் ஸ்டீராய்டே புதிதாகப் பருவை வரவழைக்கும்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கே தம்பி, சீட்டு கேக்க மாட்டீங்களா?"

"எல்லாரும் வாங்குறதுதான் மேடம். ஒண்ணும் ஆகாது."

அப்போதுதான் அவள் என் முழங்கையைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள்: "சித்தி, இது என்கிட்ட இருக்கு."

காலேஜில் ஒருத்தி சொல்லி வாங்கினாளாம். போட்ட முதல் வாரம் முகம் கண்ணாடி மாதிரி ஆனதாம். நிறுத்தினால் சிவந்து பொரிந்துவிடுகிறது, அதனால் மறுபடி போடுகிறாள். மாதக் கணக்காக இதுதான் நடக்கிறது. வந்த அன்றே அவள் கன்னத்தைப் பார்த்து, வெயிலில் போனால் ஏன் இப்படிச் சிவக்கிறது என்று கேட்டேன். டஸ்ட் அலர்ஜி என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பையன் மேல்கூட இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சின்னக் கடை வீதியில் நாங்கள் மருந்து வாங்கிய பழைய கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். இருமல் டானிக் கேட்டால்கூட "யாருக்கும்மா? என்ன வயசு? சீட்டு எங்க?" என்று மூன்று கேள்வி கேட்காமல் அவர் கை அலமாரிக்குப் போகாது. சின்ன வயதில் எரிச்சலாக இருக்கும். இன்றைக்கு அந்தக் கேள்விகளுக்காக மனசு ஏங்குகிறது. நியூ ஜெர்சியில் இந்த ட்யூபை ஒரு பார்மசியிலும் சும்மா வாங்க முடியாது. சந்தேகம் வந்தால் பார்மசிஸ்ட் டாக்டர் ஆபீஸுக்கே போன் போட்டுக் கேட்பார்.

இங்கே சட்டம் இல்லாமலா போயிற்று? 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று தெளிவாக அறிவித்தது. தோல் மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் அதற்காகப் பல வருஷம் போராடியது. 2011-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினை என்று வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏழு பேரில் ஒருவர். தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரிந்து, நிறுத்த முடியாத நிலைக்கு வந்த முகத்துக்கு டாக்டர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மட்டும் கவுண்டரில் ஒரு மதிப்பும் இல்லை.

இனி நல்ல சேதி. அமெரிக்காவில் தோல் டாக்டரைப் பார்க்க எனக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் பருவகாலமே மாறிவிடும். இங்கே அதே ராத்திரி பார்த்துவிட்டோம். பக்கத்துத் தெரு கிளினிக், வாசலில் செருப்புக் குவியல், டோக்கன், சீரியல் ஓடும் டிவி, எல்லாம் பழையபடியே. உள்ளே இருந்த டாக்டரம்மாதான் எதிர்பாராதது. "வீட்ல முகத்துக்குப் போடுற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். அக்கா ஒரு பை நிறையக் கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கம் படித்து, மேஜையில் இரண்டு வரிசையாக வைத்தார். வலது பக்க வரிசையைக் காட்டி, "இதெல்லாம் இன்னையோட போதும்மா" என்றார். வால்நட் ஓட்டுப் பொடி ஸ்கிரப்பும், குளிக்கிற பீர்க்கங்காய் நாரும்கூட அந்த வரிசையில்தான்.

நார் எதற்கு என்று அக்கா கேட்டாள். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் இருப்பது அது. டாக்டரம்மா விளக்கு வைத்த சின்னக் கருவி ஒன்றை அக்கா மகளின் மேல்கையில் வைத்து, எங்களையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒரு பொரிக்குள்ளே ரோமம் வெளியே வர வழியில்லாமல் வளையமாகச் சுருண்டு கிடந்தது. சுற்றிலும் லேசான சிவப்பு. "இத நீங்க எவ்வளவு அழுத்தித் தேய்ச்சாலும் அடைப்பு வராது, தோல்தான் புண்ணாகும். நம்ம நிறத் தோல்ல புண் ஆறினா கறுப்பு நிக்கும். அடைப்ப இளக்கித்தான் எடுக்கணும்" என்றார். எத்தனையோ வருஷமாக இதே கையோடு இருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எனக்குக் காட்டியதில்லை.

கைக்கு யூரியாவும் லாக்டிக் அமிலமும் சேர்ந்த க்ரீம். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி, தோல் பழகிய பிறகு தினமும். லேசான குறுகுறுப்பு சகஜம், எரிச்சல் நிற்காவிட்டால் கழுவிவிட வேண்டும். வேக்சிங், ஷேவிங் செய்த அன்று கூடாது. இந்த அமிலங்கள் போட்ட இடத்தில் வெயில் சுலபமாகச் சுடும், அதனால் அரைக்கை சட்டை போட்டால் சன்ஸ்கிரீன் கட்டாயம். இரண்டு மூன்று மாதம் ஆகும், விட்டால் திரும்ப வரும், இது ஜாடையோடு வந்தது என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

முகத்துக்கு அமிலமே வேண்டாம் என்றார், இப்போதைக்கு. பருவுக்கு சாலிசிலிக் அமிலம் நல்லதுதான். எண்ணெயில் கரைவதால் எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள் இறங்கும். ஆனால் ஸ்டீராய்டால் நொந்த தோலில் அதைப் போட்டால் எரிந்துவிடும். மென்மையான க்ளென்ஸர், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், உள்ளுக்கு ஒரு மாத்திரை. பிறகு அவளை நேராகப் பார்த்து, "நிறுத்தினதும் முதல்ல மோசமாகும். அழுகை வரும். அதுக்குப் பயந்து மறுபடி அந்த ட்யூபத் தொட்டுடாத. எனக்குப் போன் பண்ணு" என்றார். அடங்கிய பிறகு பருவுக்கு அடாபலீன் களிம்பு ஆரம்பிக்கலாம் என்று சீட்டில் கீழே குறித்தும் வைத்தார். ஃபீஸ் நானூறு ரூபாய். அந்த அக்கறைக்கு அங்கே எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்குமா என்று தெரியவில்லை.

சீட்டோடு மறுபடி அதே கடைக்குப் போனோம். அந்த நேரத்தில் திறந்திருந்தது அது ஒன்றுதான். பையன் சீட்டைப் பார்த்தான், திரும்பினான், பின்னால் இருந்த அலமாரியின் இரண்டாவது தட்டிலிருந்து யூரியா, லாக்டிக் அமில க்ரீமை எடுத்து வைத்தான். நான் முதலில் கேட்ட அதே சரக்கு. நம் நாட்டிலேயே தயாரானது, நான் அங்கே கொடுக்கும் விலையில் கால்வாசிகூட இல்லை. மொத்த நேரமும் அவன் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது.

"இத முதல்லயே கேட்டேனே தம்பி?"

"இதுல கலர் வராது மேடம். யாரும் கேக்க மாட்டாங்க."

இந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சொரசொரப்புக்கு மருந்து கேட்டாலும், பருவுக்குக் கேட்டாலும், கவுண்டரில் அது நிறத்துக்கான கேள்வியாகத்தான் காதில் விழுகிறது. பெண்பிள்ளை பக்கத்தில் நின்றால் நிச்சயமாக. நல்ல மருந்து இருக்கிறது, மலிவாக இருக்கிறது, நல்ல டாக்டர் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறார். நடுவில் இந்தக் கீழ்த்தட்டு டப்பா வந்து நிற்கிறது.

டாக்டரம்மா சொன்னபடியே அக்கா மகளின் முகம் முதலில் மோசமானது. மார்கழிக் கச்சேரிக்கு வரமாட்டேன் என்று அறைக்குள்ளேயே இருந்தாள். ராத்திரி அக்கா போனைக் கொடுத்து டாக்டரிடம் பேசச் சொன்னாள். அவரும் எடுத்துப் பேசினார். கை மட்டும் சீக்கிரமே மிருதுவாக ஆரம்பித்துவிட்டது, எனக்கும்தான். முகத்துக்கு இன்னும் காலம் பிடிக்கும்.

முன்னால் ட்யூப் வாங்கியபோது கடையில் பில் கொடுத்ததே இல்லையாம். இந்த முறை அக்கா போய் ஒரு டப்பா கேட்டு, பில் இல்லாமல் நகர மாட்டேன் என்று நின்று வாங்கி வந்தாள். அந்தப் பில், சிவப்புக் கோடு தெரிகிற மாதிரி எடுத்த டப்பாவின் படம், சீட்டு கேட்கவில்லை என்று ஒரு கடிதம், மூன்றையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். கடிதத்தை எழுதியது அக்கா மகள்தான். தன் வகுப்பில் அதே ட்யூபைப் போடுகிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று கடைசிப் பத்தியில் அவளே சேர்த்தாள்.